இலட்சிய வாயுவும் மெய்வாயுவும்: விதியை அளந்து பார்த்தவர்களின் கதை

ஊர் உறவுகளுக்கும், உயர்தரத்தில் இரசாயனவியல் படிக்கும் பிள்ளைகளுக்கும், அவர்களின் வாப்பாமார் உம்மாமாருக்கும் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான். ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

உயர்தர இரசாயனவியல் புத்தகத்தில் ஒரு வாயு வருகிறது. அதற்குப் பெயர் இலட்சிய வாயு. அதன் மூலக்கூறுகளுக்குச் சொந்தமாக இடம் தேவையில்லை. ஒன்றையொன்று இழுப்பதும் இல்லை. எவ்வளவு அமுக்கினாலும் எவ்வளவு குளிர்த்தினாலும் அது திரவமாகாது. இப்படியொரு வாயு உலகத்தில் எங்குமே இல்லை. ஆனால் பரீட்சையில் வரும் கணக்குகளில் பல இந்த இல்லாத வாயுவைப் பற்றியவைதான். பிள்ளைகள் விதியைப் பாடமாக்கி, கணக்கைச் செய்து, புள்ளியும் எடுத்துவிடுகிறார்கள். உண்மையான வாயுக்கள் அந்த விதியை விட்டு எவ்வளவு விலகுகின்றன, அதை யார் அளந்தார்கள், எப்படி அளந்தார்கள் என்ற வரலாறு வகுப்பறைக்குள் வருவதே இல்லை. அதைத்தான் இன்று எழுதுகிறோம்.

முதலில் விதி. 1662 இல் றொபேட் போயில், ஒரு பக்கம் மூடிய வளைந்த கண்ணாடிக் குழாயில் காற்றை அடைத்து, மறுபக்கம் இரசத்தை ஊற்றி ஊற்றி அளந்தார். அமுக்கம் இரண்டு மடங்கானால் கனவளவு பாதியாகிறது என்று கண்டார். அவர் போனது ஏறத்தாழ நான்கு வளிமண்டல அமுக்கம் வரைக்கும்தான். அந்த எல்லைக்குள், அன்றைய கருவிகளுக்கு, விதி சரியாகவே தெரிந்தது. 1802 இல் கே லுசாக், எல்லா வாயுக்களும் வெப்பத்தால் ஒரே அளவில் விரிகின்றன என்றார். அதற்கு ஓராண்டு முன்பு, 1801 இல், தாற்றன் தனது பகுதியமுக்க விதியைச் சொன்னார். கலவையில் உள்ள ஒவ்வொரு வாயுவும் மற்றது அங்கே இல்லாதது போலவே நடந்துகொள்கிறது என்பது அதன் சாரம். இவற்றையெல்லாம் சேர்த்து 1834 இல் கிளாப்பெயிரோன் ஒரே சமன்பாடாக எழுதினார். வீடு கட்டி முடிந்துவிட்டது என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

அதற்குள்ளேயே வெடிப்பு தெரியத் தொடங்கியிருந்தது. 1823 இல் பரடே குளோரீனைத் திரவமாக்கிக் காட்டினார். இலட்சிய வாயு திரவமாகாது என்றால், குளோரீன் அந்த விதியை எங்கோ ஓரிடத்தில் கைவிட்டிருக்கத்தானே வேண்டும்? 1827 இல் டெப்ரே, வெவ்வேறு வாயுக்களை ஒரே அமுக்கத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நெருக்கினார். அவை ஒரே அளவாகச் சுருங்கவில்லை. ஏதோ இருக்கிறது என்று தெரிந்தது. எவ்வளவு என்றுதான் தெரியவில்லை.

அந்த “எவ்வளவு” என்ற கேள்விக்குத் தன் வாழ்க்கையைக் கொடுத்தவர் விக்டர் றெனோ. 1810 இல் பிறந்தவர், சிறுவயதிலேயே தாய் தகப்பனை இழந்த பிள்ளை. பிரெஞ்சு அரசாங்கம் அவரிடம் ஒரு வேலையை ஒப்படைத்தது. நீராவி இயந்திரங்களைக் கணக்கிடத் தேவையான எண்களையெல்லாம் நம்பகமாக அளந்து தர வேண்டும். பாரிஸில் இருபது மீற்றரளவு உயரத்துக்கு இரசக் குழாயை நிறுத்தி, காற்று, நைதரசன், காபனீரொட்சைட்டு, ஐதரசன் ஆகியவற்றை ஒவ்வொன்றாக நெருக்கிப் பார்த்தார்.

1847 இல் அவர் வெளியிட்ட முடிவு இதுதான். காற்றும் நைதரசனும் காபனீரொட்சைட்டும் போயில் சொன்னதை விடக் கொஞ்சம் கூடுதலாகச் சுருங்குகின்றன. ஐதரசன் மட்டும் போயில் சொன்னதை விடக் குறைவாகச் சுருங்குகிறது. விரிவையும் விட்டு வைக்கவில்லை. மாறா அமுக்கத்தில் ஒரு பாகைக்குக் காற்று 0.00367 பங்கு, ஐதரசன் 0.00366 பங்கு, காபனீரொட்சைட்டு 0.00371 பங்கு விரிகின்றன என்று எழுதினார். கே லுசாக் எல்லாவற்றுக்கும் பொதுவாகச் சொன்ன எண் 0.00375.

நான்காம் ஐந்தாம் தசம தானத்தில் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்கலாம். கே லுசாக்கின் எண்ணை வைத்துத் தனிப்பூச்சியத்தைக் கணக்கிட்டால் பூச்சியத்துக்குக் கீழே 267 பாகை வருகிறது. திருத்திய எண்ணை வைத்தால் ஏறத்தாழ 273 வருகிறது. நம் பிள்ளைகள் ஒவ்வொரு கணக்கிலும் செல்சியசோடு 273 ஐக் கூட்டுகிறார்களே, அந்த 273 இப்படியான தசம தானச் சண்டையில் வென்றெடுத்த எண்.

றெனோவின் கடைசிக் காலம் கவலையானது. 1870 இல் பிரான்ஸுக்கும் ஜேர்மனியருக்கும் போர் மூண்டது. செவ்ரில் இருந்த அவருடைய ஆய்வுகூடத்தில் கருவிகள் நாசமாக்கப்பட்டன. பல வருடக் குறிப்புகளும் அழிந்தன. ஓவியராகப் பெயர் பெற்றிருந்த அவரது மகன் ஹென்றி 1871 ஜனவரி 19 இல் போர்க்களத்தில் கொல்லப்பட்டார். சரியாக ஏழு வருடம் கழித்து, 1878 இல், அதே ஜனவரி 19 இல் றெனோ காலமானார். யுத்தம் ஒரு வீட்டிலிருந்து எதையெல்லாம் எடுத்துப் போகும் என்பதை நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

அடுத்த பெரிய அடி பெல்பாஸ்டிலிருந்து வந்தது. வைத்தியராகவும் இரசாயனப் பேராசிரியராகவும் இருந்த தோமஸ் அண்ட்றூஸ், மயிரிழைக் குழாயில் காபனீரொட்சைட்டை அடைத்து, திருகாணியால் இரசத்தை முறுக்கி முறுக்கி அமுக்கினார். 13.1 பாகையில் ஏறத்தாழ 49 வளிமண்டலத்தில் அது திரவமாயிற்று. வெப்பநிலையைக் கூட்டக் கூட்ட அதிக அமுக்கம் வேண்டியிருந்தது. 31 பாகையைத் தாண்டியதும் எவ்வளவு அமுக்கினாலும் திரவம் தனியாகப் பிரியவே இல்லை. வாயுவுக்கும் திரவத்துக்கும் இடையிலிருந்த கோடு அழிந்து போனது. 1869 இல் இதை அறிவித்தார். இதைத்தான் நாம் அவதி வெப்பநிலை என்று படிப்பிக்கிறோம். நமது வெயிலுக்கு 31 பாகை பெரிய விசயமே இல்லை. அலுவலகச் சுவரில் தொங்கும் காபனீரொட்சைட்டுத் தீயணைப்புச் சிலிண்டருக்குள் காலையில் திரவம் இருக்கும். உச்சி வெயில் அடித்து உள்ளே 31 ஐத் தாண்டினால், அதைத் திரவம் என்றோ வாயு என்றோ பிரித்துச் சொல்ல முடியாது.

இந்த விலகலை ஒரே எண்ணாகச் சொல்ல ஒரு வழி உண்டு. அமுக்கத்தையும் கனவளவையும் பெருக்கி, இலட்சிய வாயுவுக்கு வர வேண்டிய பெறுமானத்தால் பிரிப்பது. வரும் எண்ணை ‘இசட்’ என்று குறிப்பார்கள். அது 1 என்றால் விலகல் இல்லை. பூச்சியப் பாகையிலும் ஒரு வளிமண்டலத்திலும் விலகல் சிறியது. ஒரு மூல் இலட்சிய வாயு 22.41 லீற்றர் பிடிக்க வேண்டும். ஐதரசன் 22.43, காபனீரொட்சைட்டு 22.26, அமோனியா ஏறத்தாழ 22.1 லீற்றர் பிடிக்கின்றன. ஆனால் 40 பாகையில் 100 வளிமண்டலத்தில் காபனீரொட்சைட்டின் இசட் ஏறத்தாழ 0.27. அதாவது விதி சொல்லும் இடத்தில் கால்வாசியை விடச் சற்றுக் கூடுதலான இடத்துக்குள் அது அடங்கிவிடுகிறது.

இவ்வளவு உயர்ந்த அமுக்கங்களை அந்தக் காலத்தில் எப்படி அளந்தார்கள்? அமுக்கமானி செய்யலாம், ஆனால் அந்த மானி சரியா என்று எதை வைத்துச் சரிபார்ப்பது? நம்பக்கூடியது இரச நிரல் ஒன்றுதான். ஒரு வளிமண்டலத்துக்கு 76 சென்ரிமீற்றர். 400 வளிமண்டலம் வேண்டுமென்றால் 300 மீற்றருக்கு மேல் இரசம் நிற்க வேண்டும். அவ்வளவு உயரத்துக்கு எங்கே போவது? எமில் அமகா என்ற பிரெஞ்சுக்காரர் மேலே பார்க்காமல் கீழே பார்த்தார். சென்ற் எற்றியன் நகருக்கு அருகே 327 மீற்றர் ஆழமான ஒரு நிலக்கரிச் சுரங்கக் குழி இருந்தது. அந்தக் குழியின் அடியில் நைதரசன் அடைத்த கருவியை வைத்து, மேலே வரைக்கும் உருக்குக் குழாய் இழுத்து, அதில் இரசத்தை நிரப்பினார். 430 வளிமண்டலம் வரை கிடைத்தது. வெப்பநிலை மாறினால் இரசத்தின் அடர்த்தியும் மாறும் என்பதால், குழாயின் நெடுகிலும் வெப்பநிலையையும் கணக்கில் எடுக்க வேண்டியிருந்தது. பின்னர் 1891 இல் கைய்யெற்றே என்பவர் ஈபெல் கோபுரத்திலேயே 300 மீற்றர் குழாயைப் பொருத்தி 400 வளிமண்டலம் வரை அளக்கும் மானி அமைத்தார். கோபுரத்தைப் படத்தில் பார்க்கும் பிள்ளைகளுக்கு இதையும் சொல்லிக் கொடுங்கள்.

அமகாவின் எண்கள் ஒரு புதினத்தைக் காட்டின. நைதரசனை அமுக்க அமுக்க முதலில் அது விதியை விடக் கூடுதலாகச் சுருங்குகிறது. ஓர் எல்லைக்குப் பிறகு திரும்பிவிடுகிறது. பூச்சியப் பாகையில் 1000 வளிமண்டலத்துக்குப் போகும்போது, விதி சொல்வதைப் போல் இரு மடங்கு இடத்தை அடைத்துக்கொண்டு அசைய மறுக்கிறது. ஒரே வாயு, இரண்டு விதமான விலகல்.

இதற்குக் காரணம் சொன்னவர் ஒரு பாடசாலை ஆசிரியர். நாங்கள் இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே இவருக்காகத்தான்.

யொஹன்னஸ் வந்தர் வால்ஸ் 1837 இல் ஒல்லாந்தின் லெய்டன் நகரில், ஒரு தச்சுத் தொழிலாளியின் பத்துப் பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். பல்கலைக்கழகம் போகும் வகையான உயர் பாடசாலை அவர் போன்றவர்களின் பிள்ளைகளுக்கு எட்டாத ஒன்று. ஆரம்பப் பாடசாலை ஆசிரியரானார். படிப்பித்துக்கொண்டே, 1862 முதல் 1865 வரை லெய்டன் பல்கலைக்கழக விரிவுரைகளைக் கேட்டார். கேட்கத்தான் முடிந்தது. பரீட்சை எழுத முடியாது. காரணம், இலத்தீனும் கிரேக்கமும் தெரியாதவர் பட்டப் பரீட்சைக்கு அமர முடியாது என்பது அன்றைய சட்டம். பௌதிகவியல் படிக்க அந்த மொழிகள் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. 1865 இல் டெவென்டரிலும், அடுத்த வருடம் ஹேக் நகரிலும் இடைநிலைப் பாடசாலை ஆசிரியரானார். பின்னர் சட்டம் மாறி விலக்குக் கிடைத்தது. 1873 ஜூன் 14 இல், 35 வயதில், கலாநிதிப் பட்டத்துக்கான ஆய்வை ஒப்புவித்தார். வாயு நிலைக்கும் திரவ நிலைக்கும் இடையிலான தொடர்ச்சி என்பதே அதன் தலைப்பு.

அவர் சொன்னது இரண்டே இரண்டு விசயம். ஒன்று, மூலக்கூறுகளுக்கும் பருமன் உண்டு. ஆகவே பாத்திரத்தின் முழுக் கனவளவும் அவற்றுக்கு ஓடித்திரிய இல்லை. அந்த அளவைக் கழிக்க வேண்டும். இரண்டு, மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுக்கின்றன. ஆகவே சுவரில் மோதும் வேகம் குறைகிறது. அந்தக் குறையை அமுக்கத்தோடு கூட்ட வேண்டும். ஒரு வாயுவுக்கு இரண்டு மாறிலிகள், அவ்வளவுதான். நடுத்தர அமுக்கத்தில் இழுப்பு வெல்கிறது, வாயு கூடுதலாகச் சுருங்குகிறது. மிக உயர் அமுக்கத்தில் பருமன் வெல்கிறது, வாயு இடம் கொடுக்க மறுக்கிறது. அறை வெப்பநிலையில் ஐதரசனின் இழுப்பு மிகப் பலவீனம், அதனால் தொடக்கத்திலிருந்தே அதில் பருமன்தான் வெல்கிறது. றெனோ கண்ட ஐதரசனின் புதிரும், அண்ட்றூஸ் கண்ட அவதி வெப்பநிலையும் ஒரே சமன்பாட்டுக்குள் வந்து உட்கார்ந்தன.

ஆய்வு டச்சு மொழியில் இருந்தது. அதை வாசிப்பதற்காகவே சிலர் டச்சு படிக்கத் தொடங்கினார்கள் என்று மக்ஸ்வெல் எழுதினார். இலத்தீன் தெரியாதென்று வாசலில் நிறுத்தப்பட்ட மனிதரின் தாய்மொழியை, மற்றவர்கள் தேடிப் படிக்கும் நிலை வந்தது! 1877 இல் அம்ஸ்ரடாம் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1881 இல் மனைவியைக் காசநோய் கொண்டு போனது. அந்தத் துயரில் பல வருடங்கள் எதையும் வெளியிடாமல் இருந்தார். பிறகு எழுந்து வந்தபோது அவர் கையில் எடுத்தது இன்னும் கடினமான கேள்வி: வாயுக் கலவைகள்.

கலவை ஏன் கடினம்? ஒரு வகுப்பறையை நினைத்துப் பாருங்கள். ‘அ’ வகுப்புப் பிள்ளைகள் தங்களுக்குள் எப்படிப் பழகுவார்கள் என்று நமக்குத் தெரியும். ‘ஆ’ வகுப்பும் தெரியும். இரண்டு வகுப்பையும் ஒரே மண்டபத்தில் விட்டால், ‘அ’ வும் ‘ஆ’ வும் சேரும் மூன்றாவது உறவு ஒன்று உருவாகிறது. அதைத் தனித்தனி வகுப்புகளைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. தாற்றனின் விதி அந்த மூன்றாவது உறவே இல்லை என்கிறது. அமகா 1880 அளவில் இன்னொரு விதி சொன்னார். அமுக்கங்களைக் கூட்டாமல், ஒரே அமுக்கத்தில் ஒவ்வொரு வாயுவும் பிடிக்கும் கனவளவுகளைக் கூட்ட வேண்டும் என்றார். உயர் அமுக்கத்தில் இது பல கலவைகளுக்குத் தாற்றனை விட நெருங்கி வருகிறது. ஆனாலும் இதுவும் முழு உண்மை இல்லை. அண்ட்றூஸும் கடைசிக் காலத்தில் காபனீரொட்சைட்டோடு நைதரசனைக் கலந்து அளந்தார். கலவையின் அவதி வெப்பநிலை இறங்குவதைக் கண்டார். 1885 இல் அவர் இறந்து, 1887 இல்தான் அந்த முடிவுகள் வெளிவந்தன. 1890 இல் வந்தர் வால்ஸ் இரட்டைக் கலவைகளுக்கான கொள்கையை வெளியிட்டார். 1892 இல் குனன் என்ற இளம் ஆய்வாளர் லெய்டனில் ஒரு விசித்திரத்தைக் கண்டார். ஒரு கலவையின் அமுக்கத்தைக் கூட்டும்போது திரவம் தோன்றி, இன்னும் கூட்டினால் அந்தத் திரவம் மறைந்து போயிற்று. இன்று ஆழ்நில எரிவாயுக் கிணறுகளில் அமுக்கம் குறையும்போது உள்ளேயே திரவம் படிந்துவிடும் சிக்கலுக்குப் பெயர் அதுதான்.

1901 இல் லெய்டனின் கமர்லிங் ஒன்ஸ், விலகலைத் தொடராக எழுதும் முறையைக் கொண்டுவந்தார். அதில் முதல் திருத்தம், மூலக்கூறுகள் இருவர் இருவராகச் சந்திப்பதைக் கணக்கிடுகிறது. இரண்டு வாயுக் கலவைக்கு மூன்று எண்கள்: அ-அ, ஆ-ஆ, அ-ஆ. அந்த மூன்றாவதைக் கலவையை அளந்துதான் எடுக்க வேண்டும். 1924 இல் லென்னாட் ஜோன்ஸ், இப்படி அளந்த எண்களிலிருந்தே மூலக்கூறுகளுக்கு இடையிலான விசை எவ்வளவு என்று கணித்தார். கண்ணால் காணாத மூலக்கூறின் குணத்தை அமுக்கமானியின் முள்ளிலிருந்து வாசித்தார்கள்.

அளக்கும் முறையும் இலகுவாகியது. 1936 இல் பர்னெட் என்ற அமெரிக்கர் சொன்ன முறை நமது பிள்ளைகளுக்கும் விளங்கும். இரண்டு பாத்திரங்கள். ஒன்றில் வாயு, மற்றது வெற்றிடம். அமுக்கத்தைக் குறி. நடுவிலுள்ள வால்வைத் திற, மீண்டும் குறி. இரண்டாவதை வெற்றிடமாக்கி, மறுபடியும் திற. இப்படியே அமுக்கம் மிகக் குறையும் வரை செய்யலாம். கனவளவையோ நிறையையோ அளக்கத் தேவையே இல்லை. ஒவ்வொரு தடவையும் அமுக்கம் எந்த விகிதத்தில் இறங்குகிறது என்பதை வைத்தே இசட்டைக் கணித்துவிடலாம்.

இதெல்லாம் யாருக்குப் பயன் என்று கேட்பவர்களுக்கு இரண்டு கணக்கு. 25 பாகையில் 70 வளிமண்டலம் அளவில் குழாயில் போகும் மெதேனின் இசட் ஏறத்தாழ 0.89. இலட்சிய விதிப்படி பில் போட்டால் 100 கன மீற்றர் என்று எழுதிய இடத்தில் உண்மையில் போனது 112 க்கு மேல். விற்பவனுக்கு நட்டம். ஐதரசன் வாகனத் தாங்கியில் 700 வளிமண்டலம் அளவில், விதி சொல்வது லீற்றருக்கு 59 கிராம். உண்மையில் அடங்குவது 40 கிராம். இங்கே வாங்குபவனுக்கு நட்டம். அளவையிலும் நிறுவையிலும் குறை வைக்கக் கூடாது என்பது நம் பிள்ளைகள் மதரசாவிலேயே படிக்கும் பாடம். வாயுவை விற்கும் உலகத்தில் அந்தப் பாடத்தைக் காப்பாற்றுவது இந்த இசட் தான்.

நம் நாட்டையும் இது தொட்டது. 2021 இன் கடைசி மாதங்களில் சமையல் எரிவாயு வெடிப்புகள் அடுத்தடுத்து நடந்தபோது, புரொப்பேன், பியூற்றேன் என்ற சொற்கள் தேநீர்க் கடை வரை வந்தன. சிலிண்டருக்குள் இருப்பது திரவக் கலவை, மேலே நிற்பது அதன் ஆவி. 30 பாகையில் தனிப் புரொப்பேனின் ஆவியமுக்கம் ஏறத்தாழ 10.6 வளிமண்டலம். தனிப் பியூற்றேனுக்கு 2.8. அன்று செய்திகளில் அடிபட்ட இரண்டு விகிதங்களை எளிய கணக்கில் போட்டால், 20 க்கு 80 கலவையில் ஏறத்தாழ 4.4 உம், 50 க்கு 50 கலவையில் 6.7 உம் வரும். இந்த வித்தியாசம் மட்டும்தான் விபத்துகளுக்குக் காரணம் என்று நாங்கள் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் கலவை மாறினால் அமுக்கம் மாறும் என்பது உயர்தரப் பிள்ளை ஐந்து நிமிடத்தில் போடக்கூடிய கணக்கு. அந்தக் கணக்கைப் போடத் தெரிந்தவர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருந்திருந்தால், வதந்தி குறைந்து, கேட்க வேண்டிய கேள்வி சரியான இடத்தில் கேட்கப்பட்டிருக்கும். விஞ்ஞானக் கல்வி நமக்கு வேண்டும் என்று நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது வைத்தியர், பொறியியலாளர் என்ற பட்டங்களுக்காக மட்டுமில்லை.

வந்தர் வால்ஸுக்கு 1910 இல் நோபல் பரிசு கிடைத்தது. தச்சரின் மகன், ஆரம்பப் பாடசாலை ஆசிரியர், மொழி தெரியாதென்று தடுக்கப்பட்டவர். அவர் நின்ற வாசலைப் போன்ற வாசல்கள் நம் மத்தியில் இன்னும் இருக்கின்றன. ஆங்கிலம் வராது, வெட்டுப்புள்ளி போதாது, ரியூசனுக்குக் காசில்லை, தொழிலாளியின் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்ற பேச்சு. ஒரு சட்டத்தை யாரோ மாற்றியதால்தான் அவர் உள்ளே போனார். வெளியே நின்ற காலத்திலும் அவர் படிப்பதை நிறுத்தவில்லை. முதலாவது பெரியவர்களாகிய நமது பொறுப்பு, இரண்டாவது பிள்ளைகளின் பொறுப்பு.

உங்கள் வீட்டில் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளை இருந்தால் இன்று இரவு ஒரு கேள்வி கேளுங்கள்: “இந்த விதி எந்த எல்லை வரைக்கும் சரி?” பதில் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அந்தக் கேள்வியைக் கேட்கப் பழகிய பிள்ளை, எந்தப் புத்தகத்தையும் கண்ணை மூடிக்கொண்டு வாசிக்காது.